சொன்னவரும் எழுதியவரும்

சென்ற ஆண்டு இளங்கலை மூன்றாமாண்டு மாணவிகளுக்கு இதழியல் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிய பாடம். 1901இல் பிறந்தவர், ஐந்தரை வயதில் திருமணம், பள்ளிக்கூடம் போகாதவர், 115 நாவல்கள் எழுதியவர், 'ஜகன்மோகினி' இதழை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தியவர் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். இருபது ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய பாடம். இடையில், "முதல் நாடகமான 'இந்திரமோகனா'வை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார்" என்ற வாக்கியத்தையும் வழக்கம்போலச் சொன்னேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி கை தூக்கினாள். "மேடம், அந்தப் பட்டம்மாள் யாரு?"

"அவருடைய தோழி."

"அது சரி மேடம். அவங்க என்ன ஆனாங்க?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் விடவில்லை. "வியாசர் சொல்ல எழுதின பிள்ளையாருக்குத் தெருவுக்குத் தெரு கோயில் இருக்கு மேடம். இவங்களுக்கு ஒரு வரிதானா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலை பேருந்தில் வரும்போது, இன்னொரு பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கடையில், பழைய கணினி முன்னால் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்காவின் முகம். அவரைப் பற்றியும் நான் எங்கேயும் ஒரு வரிகூட எழுதியதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பெண்களையும் பற்றியது.

முதலில் கோதைநாயகியின் கதை. அவர் பிறந்த 1901ஆம் ஆண்டில்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அன்றைய இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது. ஆக, ஐந்தரை வயதில் மணமுடித்து, எழுத்துப் பழகாமல் வளர்ந்ததில் அவருடைய காலத்துக்கு அதிசயம் எதுவும் கிடையாது. கணவர் வை.மு. பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துப்போனார். நாடகம் பார்த்துப் பார்த்து, கதை சொல்லும் ஆசை வந்தது. சொல்ல வாய் இருந்தது, எழுதக் கை பழகவில்லை. அப்போது எழுதத் தெரிந்த தோழி ஒருத்தி பக்கத்தில் இருந்தாள்.

'இந்திரமோகனா' 1924இல் அச்சானது. பட்டம்மாளின் துணையோடுதான் கோதைநாயகி எழுதவும் பழகினார். அடுத்த ஆண்டு, துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கத்தில், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி'யை விலைக்கு வாங்கித் தானே நடத்தத் தொடங்கினார். எழுதக் கற்றுக்கொண்ட கையோடு பத்திரிகை ஆசிரியர். 'வைதேகி' என்ற நாவல் அதில் தொடராக வந்தது. பின்னாளில் சொந்த அச்சகமும் வைத்தார். காங்கிரஸ் மேடைகளில் பேசினார், மறியலில் கலந்துகொண்டு சிறை சென்றார், சிறையிலும் எழுதினார். 1960இல் காலமானார்.

எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இருந்தவர் அல்லர் அவர். எழுதுவது, பேசுவது, பத்திரிகையை வாசகர் கையில் சேர்ப்பது எல்லாமே சொந்தப் பொறுப்பு. இன்று நாம் ஃப்ரீலான்ஸ் என்கிறோமே, அந்த வேலையைத் தமிழில் முதலில் செய்த பெண்களில் அவரையும் வைக்கலாம். வழக்கமாக இந்தக் கதையைச் சொல்பவர்கள், "தனியொரு பெண்ணாகச் சாதித்தார்" என்று முடிப்பார்கள். நானும் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். கதையை மறுபடி படித்துப் பாருங்கள். எங்கே தனியாக இருக்கிறார்? எழுதித் தரத் தோழி, வழிகாட்ட ஒரு மூத்த எழுத்தாளர், வீட்டிலிருந்து துணைநிற்கக் கணவர், எழுத்துக் கோக்க அச்சுக்கோப்பவர்கள், ஃபாரம் மடிக்கவும் தைக்கவும் கைகள். வீட்டில் ஒருவர் வாசிக்கச் சுற்றி உட்கார்ந்து பலர் கேட்பது அன்றைய வழக்கம். எழுத்துத் தெரியாத பெண்களிடம் அந்த நாவல்களைக் கொண்டுபோனது அந்த வாசிக்கும் குரல்தான். சொல்லும் வாயிலிருந்து கேட்கும் காது வரைக்கும் நடுவில் எத்தனை பேர்!

இதைச் சொல்வதால் கோதைநாயகியின் பெருமை குறையாது. அவர் தனியாள் என்று சொல்லும்போதுதான், அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் காணாமல் போகிறது. எழுதத் தெரியவில்லை என்பதை வெட்கமாக நினைத்து அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. தெரிந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலையை ஆரம்பித்தார், வேலையின் நடுவிலேயே கற்றுக்கொண்டார். இதைவிட நல்ல பயிற்சி முறையை நான் எந்தப் பயிலரங்கிலும் பார்த்ததில்லை.

ஆனால் கற்றுக்கொடுத்தவளுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என் மாணவியின் கேள்வி.

இங்கே தமிழ் படித்தவள் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் மரபுக்கு உடனுழைத்தவர் பெயரைக் குறிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. சங்கத் தொகைநூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மன், தொகுப்பித்தவர் உக்கிரப்பெருவழுதி. பாடியவர் மட்டுமல்ல, சேர்த்துக் கட்டியவரும் அதற்கு ஆதரவு தந்தவரும் தனித்தனியே நினைவில் நிற்கிறார்கள். பனையோலைச் சுவடிகளிலும் பலவற்றின் கடைசி ஏட்டில், எழுதி முடித்த நாளோடு எழுதியவரின் பெயர் இருக்கும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொண்டவர்களும் உண்டு. பிறர் செய்த நூலைப் பார்த்து எழுதியவரும், 'இது என் கை' என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். 1871 முதல் பிள்ளை மறைந்த 1876 வரை அவரிடம் பயின்ற உ.வே. சாமிநாதையர், தானும் அப்படி எழுதியதை விரிவாகப் பதிந்திருக்கிறார். சொல்லச் சொல்ல எழுதுவது வெறும் கைவேலை இல்லை. ஒரு செய்யுள் எப்படி உருவாகிறது, எந்தச் சொல் வந்து எது விலகுகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற படிப்பு அது. அப்படி எழுதிய ஆண்களுக்கு நம் வரலாறு 'மாணாக்கர்' என்று பெயர் வைத்தது. பரம்பரை என்று சொன்னது.

அதே வேலையை, அதுவும் கற்றுக்கொடுக்கும் இடத்திலிருந்து, ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்தபோது அதன் பெயர் 'தோழி' ஆகிவிட்டது. தோழி நல்ல சொல்தான், சங்க அகப்பாட்டுகளில் பல அவள் வாயால் பேசப்படுபவை. ஆனால் அது வேலையின் பெயர் கிடையாது. அன்பால் செய்தாள் என்று ஆகிவிட்டால் கூலியும் வேண்டாம், பெயரும் வேண்டாம். வீட்டு வேலைக்கு நடந்ததுதான் எழுத்து வேலைக்கும் நடந்தது.

அன்று பெண்கள் நடத்திய இதழ்கள் பலவும் இப்படிப் பல கைகளால் ஆனவை. 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் அடுத்த ஆண்டே 'ஸ்திரீ தர்மம்' இதழைக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் அதில் பகுதிகள் வந்தன. மொழிபெயர்ப்பவர் இல்லாமல் அப்படி ஓர் இதழ் எப்படி வரும்? அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், முத்துலட்சுமி ரெட்டி என்று பெயர்களை நாம் ஒப்பிக்கிறோம். தாளில் உட்கார்ந்து ஒரு மொழியை இன்னொன்றாக்கியவர்களை ஒப்பிப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நண்பகலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஒரு நாடகத்தைச் சொல்லி எழுத நேரமும் இடமும் காகிதமும் வேண்டும். வை.மு. குடும்பம் உரையாசிரியர்களைக் கொண்ட பிராமணக் குடும்பம். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டபோதும் புத்தகங்கள் இருந்த வீடு. தேவதாசி முறையின் கொடுமையிலிருந்து வெளியேறி, 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' நாவலை வெளியிட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருக்கு அந்த வசதி கிடையாது. அவரைப் போன்றவர்களுக்கு வீட்டுக் கூடத்துக்குப் பதில் ஓர் இயக்கம் கிடைத்தது. கூட்டாக வேலை செய்வதற்கும் சாதியும் வர்க்கமும் நேரமும் வாசல் காக்கின்றன. யாரால் யாருக்காக இரண்டு மணி நேரம் இலவசமாக எழுத முடியும் என்பது எல்லா வீட்டிலும் ஒன்றல்ல.

இனி என் கதை.

முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த காலம். உதவித்தொகை மாதக்கணக்கில் வராது. தொண்டு நிறுவனங்களுக்குத் துண்டறிக்கை, ஆண்டறிக்கை, பயிற்சிக் கையேடு என்று ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்தால் சொல்லுக்கு ஐம்பது பைசா கிடைத்தது. எனக்குத் தமிழ் தெரியும் என்ற திமிர் நிறைய இருந்தது. தமிழில் தட்டச்சு தெரியாது. கையால் எழுதி எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணியில் அந்த டிடிபி கடைக்குப் போவேன். கடை இன்னொருவருடையது. அக்கா அங்கே உட்கார்ந்து பக்கத்துக்குப் பத்து ரூபாய்க்கு அடிப்பவர், அதிலும் கடைக்காரருக்குப் பங்கு உண்டு. அவரும் என்னைப் போல ஃப்ரீலான்ஸ்தான் என்று இப்போது சொல்லத் தெரிகிறது. அப்போது 'டைப் பண்ற அக்கா', அவ்வளவுதான்.

என் கையெழுத்து அவருக்குப் புரியவில்லை. "நீ படிம்மா, நான் அடிக்கிறேன். ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. பாமினி எழுத்துருவில் அவர் விரல் ஓடும், நான் வாசிப்பேன். சில இடங்களில் விரல் நின்றுவிடும்.

ஒரு தடவை பெண்களின் இரத்தசோகை பற்றிய துண்டறிக்கை. கிராமங்களில் கொடுக்கப் போகிறார்கள். நான் வாசித்தேன்: "மாதவிடாய்க் காலத்தில் மிகையான குருதிப்போக்கு ஏற்படின் மருத்துவரை அணுகவும்."

விரல் நின்றது. "மிகைன்னா எவ்ளோ?"

"அதிகமா போனா, அக்கா."

"அதான், எவ்ளோ போனா அதிகம்? எங்கம்மாவுக்குப் பத்து நாள் போகும். அவங்க அதுதான் எல்லாருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க. ரத்தம் இல்லாம ஆஸ்பத்திரியில போட்ட பெறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. நீ இப்படி எழுதினா அவங்க இத அவங்களுக்குச் சொன்னதா எடுத்துக்கவே மாட்டாங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "மணிக்கு ஒரு துணி மாத்த வேண்டியிருந்தா, ஏழு நாளுக்கு மேல போனா, டாக்டரப் பாருங்கன்னு எழுது."

ஆங்கில மூலத்தின் பின்னிணைப்பில், சுகாதாரப் பணியாளர்களுக்கான பகுதியில், ஏறக்குறைய அதே அளவுகள்தான் இருந்தன. நான் அதைப் படித்திருந்தேன். ஆனால் துண்டறிக்கையைப் படிக்கப்போகிற பெண்ணுக்குத் தேவையானது அந்த அளவுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது அக்காவுக்கு. அந்த வரி அப்படியே அச்சானது.

மூன்று மாதம் கழித்து ஒரு கூட்டம். களப்பணியாளர்கள் வந்திருந்தார்கள். "அந்தத் துணிக் கணக்கு வரியப் படிச்சுக் காட்டினதும்தான் பொம்பளைங்க பேச ஆரம்பிச்சாங்க" என்றார் ஒருவர். திட்ட அலுவலர் என்னைப் பார்த்து, "கவிஞர் இல்லையா, அதான்" என்றார். நான் சிரித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. துண்டறிக்கையின் பின்பக்கத்தில் 'தமிழாக்கம்' என்று போட்டு என் பெயர் இருந்தது. அந்த வரியால் எனக்கு மேலும் நான்கு வேலைகள் வந்தன. அக்காவுக்கு அந்தத் துண்டறிக்கைக்குக் கிடைத்தது நாற்பது ரூபாய்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டவற்றை எண்ணினால் பட்டியல் நீளும். மெய்ப்புக் குறிகள் எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தவை. பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் ஆரம்பிக்கக் கூடாது, எத்தனை முறை திருத்தம் என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும், 'ஃபைனல்' என்று அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளைப் பத்திரமாக வைக்க வேண்டும், எழுதியதைப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டாமல் கொடுக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு படித்தபோது இவற்றில் ஒன்றைக்கூட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நன்றியுரை என்று ஒன்று என் ஆய்வேட்டில் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. நெறியாளர், துறைத் தலைவர், நூலகர்கள், கணவர், மாமியார். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவரும் அக்காதான். அவர் அந்த நன்றியுரையைத் தன் கையாலேயே அடித்தார். அதில் அவர் இல்லை. அடிக்கும்போது என்ன நினைத்திருப்பார் என்று, மாணவி கேட்ட அந்த மாலையில்தான் முதல்முறையாக யோசித்தேன்.

போன டிசம்பரில் அவரைத் தேடிப்போனேன். கடை இப்போது ஜெராக்ஸ் கடை. விசாரித்து வீட்டுக்குப் போனேன். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டாராம். காபி கொடுத்தார், என் மகளை விசாரித்தார். பட்டம்மாளின் கதையைச் சொன்னேன். துணிக் கணக்கு வரியை நினைவுபடுத்தினேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிறகு, இப்படி ஒரு கட்டுரை எழுதுகிறேன், உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கும்மா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அப்ப கேட்டிருக்கணும். அந்த நோட்டீஸ்ல என் பேரு வந்திருந்தா எனக்கும் நாலு வேலை வந்திருக்கும். இப்ப போட்டா உனக்குத்தான் நல்லாருக்கும்."

ஆகவே அவர் பெயர் இதில் இல்லை. போடாமல் இருப்பதுதான் இப்போது நான் செய்யக்கூடிய மரியாதை. அன்று போடாததற்கு இது பரிகாரம் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். உரிய பெயரும் கூலியும் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். தாமதமாக வருகிற நன்றி, சொல்பவருக்குத்தான் ஆறுதல்.

மொழிபெயர்ப்பு, உள்ளடக்கம் எழுதுதல், வசன வரி, மெய்ப்பு, ஒலிநூல் வாசிப்பு என்று என் மாணவிகள் பலர் இன்று வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். தனியாக வேலை செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் இப்போது நான் சொல்வது இதுதான். தெரியாததைத் தெரிந்தவளிடம் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள், கோதைநாயகி அப்படித்தான் தொடங்கினார். வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதே உடன் வேலை செய்பவளின் பங்கைப் பேசுங்கள். அவள் பெயரை, அவள் செய்த வேலையின் பெயரோடு போடுங்கள். தட்டச்சு செய்தவர் வாக்கியத்தை மாற்றினால், அவர் தட்டச்சு மட்டும் செய்தவர் அல்லர். தோழியாகவே இருந்தாலும் பணத்தைப் பங்கிடுங்கள்.

இந்த ஆண்டு அதே பாடத்தை மறுபடி நடத்தினேன். "கோதைநாயகி சொன்னார், பட்டம்மாள் எழுதினார், எழுதவும் கற்றுக்கொடுத்தார்" என்று இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் ஒரே வரியில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவில் தீர்மான நோட்டை ஆறாம் வகுப்பிலிருந்து தான்தான் எழுதுவதாகச் சொன்னாள். "அதுல உன் பேரு இருக்கா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள்.

"இல்ல," என்றாள். "இந்த மாசத்துலருந்து போடப்போறேன்."

என்னைப் பார்க்காமல், நோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.